சற்றுத் தள்ளி அமருங்கள்

காஞ்சிபுரத்தில் பணியாற்றும் நமக்குக் கடல் அத்துணைத் தொலைவில் இல்லை. செங்கல்பட்டு வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அவ்வூர் செங்கல்பட்டு மாவட்டத்தோடு போய்விட்டது. ஆயினும் இவ்விரு ஊர்களையும் பிரித்து நினைக்க நம் மனம் ஒப்புவதில்லை. அங்கே அலையோரத்தில் கடற்கரைக் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன்தான் இங்கே கைலாசநாதர் கோயிலையும் எழுப்பினான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் தேவைப்பட்டது. 'பாறை' என்பதே அவ்வாண்டு மலரின் கருப்பொருள். நிழற்படம் எடுப்பது குருமட நாள்களிலிருந்தே நம்மைத் தொற்றிக்கொண்ட பழக்கம். அந்நாளில் ஒரு சுருளுக்கு 36 படங்கள், ஒவ்வொன்றும் காசு. ஆகவே எடுக்குமுன் இருமுறை பார்ப்போம். இப்போது அந்தச் சிக்கனமும் போயிற்று, பார்வையும் சற்றுக் குறைந்தது என்றே தோன்றுகிறது.

விடியலுக்கு முன்பே மாமல்லபுரம் போய்ச் சேர்ந்து, கடலோரமாகக் கிடக்கும் பாறைகளிடையே நின்றோம். கீழ்வானம் சிவந்தது. அலை பாறையில் மோதி வெண்ணுரையாய் வழிந்தது. நமக்கு வேண்டிய காட்சி கண்முன் இருந்தது, ஒரு குறையோடு. பாறைமேல் முதியவர் ஒருவர் தோளில் துண்டோடு அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒளி பத்து நிமிடம்கூட நிற்காது. "ஐயா, சற்றுத் தள்ளி உட்காருங்களேன், ஒரு படம் எடுக்க வேண்டும்" என்றோம். அவர் முகம் சுளிக்கவில்லை. எழுந்து, கருவியின் கண் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதை அறிந்தவர்போல, வேண்டியதைவிட அதிகமாகவே விலகிப்போய் நின்றார்.

படம் எடுத்து முடிந்ததும் அருகில் வந்தார். "இந்தக் கல்லையா சார் எடுத்தீங்க? இதுல சிலை ஒண்ணும் இல்லையே."

அப்போதுதான் பாறையின் விளிம்பைக் கவனித்தோம். ஒரே கோட்டில், ஒத்த இடைவெளியில், சிறு சிறு குழிகள். அவற்றை அலையின் அரிப்பு என்றே நாம் எண்ணியிருந்தோம். "ஆப்பு அடிக்கிற குழி சார். எங்க வேலை" என்றார். நாற்பது ஆண்டு கல் உடைத்தவர் அவர். குழிகளை உளியால் தோண்டி, ஆப்புகளை இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சம்மட்டியால் சிறிது சிறிதாக அடித்துக்கொண்டே போக வேண்டுமாம். ஒன்றை மட்டும் ஓங்கி அடித்தால் கல் மூலையில் சிதறிவிடும். அடியின் ஓசை மாறும். அந்த மாற்றத்தைக் கேட்கத் தெரிந்தவனே வேலைக்காரன். இரும்பு ஆப்புக்குப் பதிலாகக் காய்ந்த மர ஆப்பை இறக்கி, நீர் ஊற்றி, மரம் ஊதும் விசையாலேயே கல்லைப் பிளக்கும் பழைய முறையும் ஒன்று உண்டு.

"இங்கே பிளக்கவே இல்லையே?" என்று கேட்டோம்.

"கல்லு வேற பக்கம் ஓடியிருக்கும். இல்லேன்னா கூலி வந்திருக்காது" என்று சிரித்தார்.

மாமல்லபுரத்தில் இத்தகைய தடங்கள் எங்கும் உண்டு. குடையத் தொடங்கி நின்றுபோன குகைகளில், சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் செதுக்கிய பல்லவர் காலத்து முறை இன்றும் தெரிகிறது. வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களும் முற்றுப்பெறவில்லை; பீம இரதமும் அப்படியே. இவற்றுக்கு அருகிலேயே, சிற்பத்தோடு தொடர்பே இல்லாத பிற்காலத்துக் கல்லுடைப்பின் குழிகளும் உண்டு. வழிகாட்டிகள் முன்னதைக் கலை என்பார்கள். பின்னதைக் காட்ட மாட்டார்கள், அல்லது பாழ்படுத்தல் என்பார்கள். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட இடம் அது. அங்கே பாறையைப் பிளக்க இன்று எவரும் துணியக் கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பாறையைப் பிளந்த அந்தப் பழைய கை, அன்றாடக் கஞ்சிக்காக உழைத்த கையல்லவா? அதைக் குற்றவாளியின் கையாகப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

கடற்கரைக் கோயிலின் கடல்புறத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டி அணையிட்டிருக்கிறார்கள். எந்த உருவமும் செதுக்கப்படாத, யாரோ உடைத்த கற்கள். செதுக்கிய கல்லை இன்று காத்து நிற்பவை அவைதாம். அவற்றைப் படமெடுப்பாரை நாம் கண்டதில்லை. நாமும் எடுத்ததில்லை.

இந்த இடத்தில் நம் மனம் உறுத்தியது. கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றி எத்தனை மறையுரை ஆற்றியிருப்போம்! அந்தக் கல்லை உடைத்தவன் யார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. காஞ்சியில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களுக்கு வெளியூரார் பெரிய கருவிகளோடு வருவதுண்டு. பட்டுச் சேலையைத் தறியோடு எடுப்பார்கள். சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோர்வை போட்டு நெய்ய இரண்டு பேரின் கைகள் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவிடச் சொல்வார்கள். சில வேளை குடத்தோடு, இழை எடுத்துக் கொடுக்கும் பிள்ளையையும். அவர்கள்மேல் நமக்குக் கோபம் வந்ததுண்டு. கடற்கரையில் நாம் செய்தது அதுவேதான்.

குறுக்கே ஒரு கேள்வி எழலாம். படம் என்றாலே எதையாவது விட்டுவிடுவதுதானே? உலகம் முழுவதையும் ஒரு சட்டத்துக்குள் அடைக்க முடியுமா? முடியாது. விடுபட்டவை எல்லாம் அநீதியும் அல்ல. கருவியைச் சற்று இடப்பக்கம் திருப்பியிருந்தால் முதியவர் படத்தில் இருந்திருக்க மாட்டார், அதில் பிழையில்லை. நாம் செய்தது வேறு. இருந்தவரை எழுப்பினோம், பின், 'இங்கே எவரும் இல்லை, பாறையும் கடலும் இறைவனும் மட்டுமே' என்று ஒரு படம் சொல்லும்படி செய்தோம். கண் தெரிந்தெடுப்பது வேறு, கை அப்புறப்படுத்துவது வேறு. அவ்வளவு பெரிய சொல் எதற்கு, இரண்டு நிமிடம் தள்ளி நின்றதற்கா என்று நண்பரான குரு ஒருவர் நகைத்தார். அவர் சொல்வதிலும் பொருள் உண்டு. ஆனால் கல்லுடைப்பவரின் வாழ்க்கை முழுவதுமே 'சற்றுத் தள்ளி நில்' என்ற சொல்லால் ஆனதல்லவா? கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அரியானாவின் கல்குவாரிகளில் மக்கள் இன்னும் கொத்தடிமைகளாய் இருப்பதை உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பேச வேண்டியிருந்தது. கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் நோய்க்கு இன்றும் முழுமையாகக் குணமாக்கும் மருந்தில்லை.

உருவங்களைப் பற்றித் திருச்சபை நெடுங்காலம் வாதிட்டது. இராசசிம்மன் காலத்துக்குச் சற்றுப் பின், 8ஆம் நூற்றாண்டில், கீழைத் திருச்சபையில் திருவுருவங்களை உடைத்தெறியும் கலகம் மூண்டது. 787இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம், உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் ஆளுக்கே சென்று சேர்கிறது என்று தீர்த்தது. குருமடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பாடம். அதைத் திருப்பிக் கேட்டால் என்ன? உருவத்திலிருந்து ஓர் ஆளை நீக்கினால், அந்த அவமதிப்பு யாரைச் சென்று சேர்கிறது?

மாமல்லபுரத்துக்கு மேற்கே பூஞ்சேரியில் ஒரு பாறை உண்டு. அதில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள்: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன். இன்னும் சிலர். அங்கே வேலை செய்தோரின் பெயர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மன்னர்களின் விருதுப் பெயர்கள் கல்வெட்டுகளில் அடுக்கடுக்காய் வருகின்றன. இங்கே ஒரு கொல்லனின் பெயர். உளி நாள்தோறும் மழுங்கும். அதைக் காய்ச்சித் தீட்டிக் கொடுப்பவன் இல்லாவிட்டால் சிற்பி வெறுங்கையன். அவன் பெயரும் இருக்கட்டும் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். ஒருவேளை அவனே எண்ணியிருக்கலாம். அதுவும் அழகுதான்.

மலர் அச்சாகி வந்தது. படத்தை எல்லாரும் பாராட்டினார்கள். நமக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மீண்டும் போய் அந்த முதியவரை அதே பாறைமேல் அமர்த்தி, சுருங்கிய முகமும் காய்த்த கையும் தெரிய ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எண்ணினோம். தலைப்புக்கூட மனத்தில் தோன்றிவிட்டது. பிரேசில் நாட்டின் செரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேறு படிந்த ஆயிரக்கணக்கான தொழிலாளரை 1986இல் படமெடுத்த செபாஸ்தியோ சல்காடோவை உலகமே போற்றியது; துன்பத்தை அழகாக்கி விட்டார் என்று குறை கூறினோரும் உண்டு. அவரை எடைபோட நாம் யார்? ஆனால் நம் எண்ணத்தில் இருந்த கோணலை அறிய அந்த வழக்கு உதவிற்று. முதல்முறை நம் படத்துக்காக அவரை விலக்கினோம். இம்முறை நம் மனநிம்மதிக்காக அவரை அமர்த்தப் பார்த்தோம்.

இருப்பினும் போனோம். மலரின் பிரதி ஒன்றைக் கொடுத்து, அன்று எழுப்பியதற்காக வருந்துவதாகச் சொன்னோம். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "குழி நல்லா விழுந்திருக்கு சார்" என்றார். உங்களை ஒரு படம் எடுத்துக் கொடுக்கலாமா, எப்படி வேண்டும் என்று கேட்டோம்.

"இந்தக் கோலத்துல வேணாம். இருங்க, சட்டை மாத்திட்டு வரேன்."

கால் மணி நேரம் கழித்து, தேய்த்த வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக வந்தார். பாறை வேண்டாம் என்றார். பேரன் வேலை செய்யும் சிற்பக் கூடத்துக்கு அழைத்துச் சென்று, புதிதாக நீல வண்ணம் பூசிய சுவரின்முன், கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டு, கடலுக்கு முதுகு காட்டி நின்றார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, ஒளி சரியில்லை. ஒரே ஒரு படம் எடுத்தோம். அடுத்த வாரம் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.