நான்காவது கால்

பாறை ஓவியங்களைப் படியெடுக்கும் ஒரு குழுவோடு, கூலி வாங்காத உதவியாளாக, வடக்கே ஒரு மலையில் நான்கு நாள் இருந்தேன். மலையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

வேலையின் விதிகள் கொஞ்சம்தான். பாறைமேல் விரல் படக்கூடாது. மங்கிய உருவத்தைத் துலக்க நீர் தெளிக்கக்கூடாது. ஒரு நிமிஷம் பளிச்சென்று தெரியும், பிறகு நீர் கரைத்துக் கொண்டுவந்த உப்பு உருவத்தின்மேல் வெள்ளையாகப் படியும். அளவுகோலை அருகில் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும். காவியின்மேல் வெள்ளையா, வெள்ளையின்மேல் காவியா என்று பார்த்து எழுத வேண்டும். கட்டம் போட்ட தாளில், கண் கண்டதை மட்டும் வரைய வேண்டும்.

இந்தக் கடைசி விதியில் நான் தவறினேன். காவியில் ஒரு மான். கால்கள் மூன்றுதான், நான்காவது இருந்திருக்கக்கூடிய இடத்தில் பாறை பொரிந்து உதிர்ந்திருந்தது. என் தாளில் மானுக்கு நான்கு கால்கள். பொய் சொல்லும் உத்தேசம் இல்லை. மானுக்கு நான்கு கால் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தது கையை ஓட்டிவிட்டது. குழுவை நடத்திய பெண்மணி தாளைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். 'இது யார் போட்டது?' என்று மட்டும் கேட்டார்.

பிழை என்றால் ரப்பர் போதும். ஆனால் அழிக்கும்போது எனக்கு வலித்தது. அந்த வலியைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கூலி வாங்காதவன் கூலியே கேட்காதவன் அல்ல. 'நானும் இங்கே இருந்தேன்' என்பது அவன் கேட்கும் கூலி. நான்காவது காலில் அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அதே பாறையில், மானுக்கு ஒரு முழம் தள்ளி, யாரோ பெயின்டில் தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் எழுதியிருந்தான். நாங்கள் கொதித்தோம். மழைக்கு ஆடுகளோடு அங்கே ஒதுங்கும் பெரியவர் ஒருவர் எங்கள் நோட்டைக் காட்டிச் சொன்னார்: 'நீங்களும்தான் பேரு எழுதிக்கினு போறீங்க.' நோட்டில் படியெடுத்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அவர் பாட்டன் காலத்திலிருந்து அறிந்த இடத்தை 'கண்டறிந்த' நாள் என்று இன்னொரு கட்டமும் உண்டு. அவர் பெயருக்குத்தான் கட்டம் இல்லை.

ஊர் திரும்பியதும் மறுகால்தலைக்குப் போனேன். சீவலப்பேரிக்குப் பக்கம், சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிற பிரதேசம். குன்றில் துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள். மேலே சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு வரி. 1906இல் கவனத்துக்கு வந்தது. இந்த மாதிரிக் குகை வரிகளெல்லாம் தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். வெண்காசிபன் என்பவன் கொடுத்த கல்லிருக்கை இது என்பதுதான் விஷயம்.

இதுவும் பாறையில் எழுதிய பெயர்தானே? பெயின்ட்காரனுக்கும் காசிபனுக்கும் வித்தியாசம் வெறும் வயசுதான் என்றால், இரண்டாயிரம் வருஷம் பொறுத்தால் பெயின்டும் கல்வெட்டாகிவிடும். அப்படி இல்லை. காசிபன் முதலில் படுக்கையைக் கொடுத்தான். பெயர் அதன்பின் வந்தது. அவன் பெயரை நீக்கினாலும் துறவி படுக்கலாம். பெயின்ட்காரன் எதையும் கொடுக்கவில்லை. இன்னொருவன் விட்டுப்போனதன்மேல் ஏறி உட்கார்ந்தான். மானை வரைந்தவனோ பெயரே எழுதாமல் போனான். என் நான்காவது கால் காசிபனின் கட்சியா, பெயின்ட்காரனின் கட்சியா? பதிலைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

படியெடுக்காமலே விட்டுவிடுவதுதான் சுத்தம் என்று ஒரு நண்பர் வாதித்தார். பார்வையே அழிக்கும் என்பது உண்மை. பிரான்சில் லாஸ்கோ குகை 1940இல் தெரியவந்தது. பார்க்க வந்தவர்களின் மூச்சே ஓவியங்களைக் கெடுத்ததால் 1963இல் மூடினார்கள். ஆனால் மௌனமும் குற்றமற்றதல்ல. ஆர்ச்சிபால்ட் கார்லைல் 1867-68இலேயே மிர்சாபூர்ப் பக்கம் பாறை ஓவியங்களைப் பார்த்தார். ஐரோப்பாவில் அல்டமிரா ஓவியங்கள் கண்ணில் படுவதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் முன்னால். அவர் எதையும் அச்சிடவில்லை. நண்பரிடம் விட்டுப்போன குறிப்புகள் 1906இல் வின்சென்ட் ஸ்மித் வழியாக வெளிவந்தன. அந்த நண்பர் பழைய காகிதத்தை அடுப்பில் போட்டிருந்தால்? நம்மூரில் இன்னொன்றும் உண்டு: ஏட்டில் ஏறாத பாறை, கல் குவாரிக்காரனுக்கு வெறும் ஜல்லி.

எடுத்துப்போவது மூன்றாவது வழி. 1876இல் ஜாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டியதைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பொருள் அங்கே பத்திரமாக இருக்கலாம். அது கிடந்த மண்ணும் கிடந்த விதமும் கூடவே கப்பல் ஏறுவதில்லை.

ஆக, சௌகரியமான நிலை எதுவும் இல்லை. சொன்னாலும் அழியும், சொல்லாவிட்டாலும் அழியும். யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்பதில்தான் தார்மீகம் பிழைத்திருக்கிறது. அந்த மலையின் பெயரைக் குழுவின் பதிவேட்டில் எழுதினேன். காப்பாற்ற வேண்டியவர்களுக்கு அது தேவை. இங்கே எழுதவில்லை, இங்கே எழுதினால், நான் போய்வந்தேன் என்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. மறுகால்தலையை மறைக்கவில்லை, தன் கொடையைச் சொல்ல வேண்டும் என்று காசிபனே கல்லில் கேட்டிருக்கிறான்.

அழித்த பிறகும் தாளில் பென்சில் தடம் கொஞ்சம் நிற்கிறது. குறிப்புக் கட்டத்தில் 'நான்காவது கால் இல்லை. பாறை உதிர்ந்துள்ளது' என்று எழுதினேன். ஆடு மேய்க்கும் பெரியவரின் பெயரைக் கேட்டு, 'இடம் காட்டியவர்' என்று ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொண்டோம். 'எதுக்குங்க?' என்று கேட்டார். சரியான பதில் என்னிடம் இல்லை.