சாக்கு அரிசியும் உலை அரிசியும்

புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு சத்தம் கொஞ்சம் இறங்கும். வெங்காய லொறிகள் போய்விட்டிருக்கும். கைவண்டிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நாட்டாமைமார் சாக்குகளின் மேலேயே கண் அயர்வார்கள். ஒரு மொத்த அரிசிக் கடையின் கல்லாப்பெட்டிக்கு முன்னால் சபை கூடுவது அந்த நேரத்தில்தான். முதலாளி கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர். பக்கத்துத் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் நானா அவருக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். கணக்கெழுதும் தம்பி அதே பள்ளிக்கூடத்தை விட்டு இன்னும் பத்து வருஷம் ஆகவில்லை. பிளேன்டீ வந்ததும் பேச்சு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அணிக்குப் போய்விடும்.

"மூணு மெட்ச், மூணும் போச்சு," என்றார் நானா. "போன வருஷத்து ஆள் ஒருத்தன்தான் மிச்சம். மத்ததெல்லாம் சின்னப் புள்ளைங்க. இந்த வருஷம் தேறாது, முதலாளி."

"நீங்க ஸ்கோரை மட்டும் கேட்டிருக்கீங்க நானா. நான் போய்ப் பார்த்தேன். கடைசி மெட்ச்சில மூணு குவாட்டர் வரைக்கும் நாங்கதான் முன்னுக்கு."

"முன்னுக்கு இருந்துதானே தோத்தது? அது இன்னும் மோசம்."

தம்பி சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த சாக்கில் குத்தூசியைச் செருகி, உருவி, உள்ளங்கையில் விழுந்த சம்பா அரிசியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வாங்க வந்தவர் யாரும் இல்லை. அது அவருடைய கைப்பழக்கம். பத்து மணி அரிசி போதும், ஐம்பது கிலோ மூட்டையின் குணத்தைச் சொல்லிவிடுவார்: குருணை எவ்வளவு, பழுப்பு எவ்வளவு, ஈரம் உண்டா. நாற்பது வருஷத்தில் அந்தக் கணிப்பு தவறியது அபூர்வம்.

அந்தச் சபையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இங்கேதான் இருக்கிறது. மூன்று ஆட்டத்தை வைத்து ஒரு பருவத்தை, ஒரு தொடக்கத்தை வைத்து ஓர் ஆளைக் கணிப்பது எந்த வகைக் கணிப்பு? "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் வீடுகளில் சொல்லும்போது, அந்த ஒரு சோறு எப்போது எடுத்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். கொதி வருமுன் எடுத்து நசுக்கினால் அது கல்லாகத்தான் இருக்கும். சாக்கு அரிசி மாறாது. இன்று குத்திப் பார்த்தது நாளையும் அதேதான். உலை அரிசி நிமிஷத்துக்கு நிமிஷம் வேறு. பதினாறு வயதுப் பையன்கள் உலையில் இருப்பவர்கள். அவர்களுக்குக் குத்தூசியை நீட்டுவதுதான் நானாவின் பிழை.

இப்படிச் சொல்லிவிட்டால் முதலாளி கட்சி ஜெயித்தது போலத் தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

முதலில் நானாவின் பக்கம். கூடைப்பந்தில் ஒரு குவாட்டர் பத்து நிமிஷம். முதல் மூன்றிலும் முன்னே நின்று நாலாவதில் கைவிடுகிற அணியிடம் ஏதோ ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. தம்பி அதை இன்னும் கிட்டத்தில் பார்த்திருந்தான். பந்தைக் கூடைக்கு எறிய 24 செக்கன் அவகாசம் உண்டு. நம் பையன்கள் ஏழாவது, எட்டாவது செக்கனிலேயே எறிந்துவிடுகிறார்களாம். முன்னணி கையில் இருக்கும்போது அவசரம் எதற்கு? "பயம் அண்ணே. பந்து கையில இருந்தா பறிச்சிருவாங்கங்கிற பயம்." பிரீ த்ரோ அதைவிடப் பாவம். பலகையிலிருந்து 4.6 மீற்றர் தூரம், மறிக்க யாரும் கிடையாது, மைதானமே அசையாமல் நிற்கும். காலையில் தனியாகப் பயிற்சி செய்யும்போது பத்துக்கு எட்டுப் போடுகிற பையன், கடைசி நிமிஷத்தில் கோட்டில் நின்று பந்தை மூன்று தரம் தட்டி, நெற்றியைத் தோளில் துடைத்து, எறிந்தான். இரும்பு வளையத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. சுவர்ப் பக்கம் நின்ற அவனுடைய அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்ததையும் தம்பி கவனித்திருந்தான்.

இது ஸ்கோர் பலகையில் வராத கணிப்பு. ரசிகர்களிடம் இரண்டு சாதி உண்டென்றால், பிரிகிற இடம் இதுதான்: ரிசல்ட்டைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள், தோல்வி எந்த நிமிஷத்தில் தொடங்கியது என்று பார்ப்பவர்கள். இரண்டாம் சாதிக்காரரும் கடுமையாகப் பேசலாம். ஆனால் அவருடைய கடுமையில் வேலை இருக்கும்.

கொழும்புக்கு இந்தக் கணிப்பு விளையாட்டு புதிதில்லை. அதன் முதல் களம் இந்த வட கொழும்புதான். இன்று கறுவாத்தோட்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் றோயல் கல்லூரி 1835இல் புறக்கோட்டையை ஒட்டிய ஹில் வீதியில் தொடங்கியது. கல்கிசையின் சென் தோமஸ் 1851 முதல் 1918 வரை முகத்துவாரத்தில் இருந்தது. 1879இல் இவை காலிமுகத்திடலில் கிரிக்கெட்டில் மோதியபோது பேரை வாவியைப் படகில் கடந்து வந்தார்கள் என்று சொல்வார்கள். 1885இல் றோயல் ஒன்பது ஓட்டத்துக்குச் சுருண்டது. பதினொரு பேர் சேர்ந்து ஒன்பது! மறுநாள் ஆட்டம் ஒழுங்காக நடந்து முடியவில்லை. அதனால் ஒரு தரப்பு அதை வெற்றி என்கிறது, மறு தரப்பு சமநிலை என்கிறது. நூற்று நாற்பது வருஷமாகியும் கணக்கு நேர்ப்படவில்லை. பழைய மாணவர்கள் என்றால் யார் என்று தெரிய வேண்டியவர்களுக்கு இந்த ஒரு வழக்கே போதும்.

பொரளையில் பி. சரவணமுத்து மைதானம் இருக்கிறது. தமிழ் யூனியன் கழகத்தின் இடம், பெயரும் தமிழருடையது. இலங்கை தன் முதல் டெஸ்ட்டை 1982 பெப்ரவரியில் அங்கேதான் இங்கிலாந்தோடு ஆடியது. மருதானை ஆனந்தா கல்லூரியில் அப்போதும் மாணவனாக இருந்த பதினெட்டு வயது அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டம் எடுத்தான். ரஞ்சன் மடுகல்ல 65. இரண்டாம் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுக்கு 167 என்று இலங்கை கம்பீரமாக நின்றது. பிறகு எட்டே ஓட்டத்துக்குள் ஏழு விக்கெட்டும் போய் 175. ஜோன் எம்புரிக்கு ஆறு. இங்கிலாந்து ஏழு விக்கெட்டால் வென்றது. கொட்டாஞ்சேனைப் பையன்கள் நாலாவது குவாட்டரில் செய்தது இதைத்தான், கொஞ்சம் பெரிய மைதானத்தில்.

முதல் வெற்றிக்கு மூன்றரை வருஷம் பிடித்தது. 1985 செப்டெம்பர், அதே மைதானம், எதிரே இந்தியா, 149 ஓட்ட வித்தியாசம். ருமேஷ் ரத்நாயக்க தன் பந்திலேயே கபில்தேவைப் பிடித்துவிட்டு இரு கையையும் உயர்த்தி ஓடிய அந்தப் படத்தைப் பார்க்காத இலங்கை ரசிகர் குறைவு. ஆனால் 82க்கும் 85க்கும் நடுவே 83 ஜூலை இருக்கிறது. புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்த ஜூலை. முதல் டெஸ்ட்டை வானொலியில் கேட்டுக்கொண்டே கணக்கெழுதிய எத்தனையோ பேர் முதல் வெற்றியின்போது இந்தத் தெருவில் இல்லை. சிலர் யாழ்ப்பாணத்தில், சிலர் சென்னையில், சிலர் எங்கேயும் இல்லை. ஓர் இளம் அணி பக்குவப்படும்வரை ரசிகன் அதே இடத்தில் காத்திருப்பான் என்று எண்ணுவதே ஒரு வசதிதான். எல்லாருக்கும் அந்த வசதி கிடைக்கவில்லை.

முதலாளியின் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு முரளி. நானா வாய் திறந்தால் அவர் அதை இறக்கிவிடுவார். கண்டியில் சென். அந்தனீஸ் கல்லூரிக்கு மிதவேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த முத்தையா முரளிதரன், பதினாலு வயதில் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் சுழலுக்கு மாறினார். 1991இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் ஐந்து ஆட்டம் ஆடி ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. அன்றைக்கு யாராவது குத்தூசி போட்டிருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அடுத்த வருஷம் ஓகஸ்ட் 28ஆம் திகதி, இந்தக் கடையிலிருந்து முச்சக்கரவண்டியில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தொடங்கினார். அந்த டெஸ்ட்டில் 141 ஓட்டத்துக்கு மூன்று விக்கெட். 2010இல் காலியில் முடிக்கும்போது 800.

அதே ஓகஸ்ட்டின் இன்னொரு பாதி குறைவாகவே பேசப்படுகிறது. கெத்தாராமவுக்கு முந்திய டெஸ்ட் எஸ்.எஸ்.சி. மைதானத்தில். இலங்கை 547 ஓட்டம் குவித்திருந்தது. எதிரணியில் மஞ்சள் தலைமுடியோடு ஷேன் வோர்ன் என்று ஒரு பையன். அதுவரை டெஸ்ட்டில் அவன் எடுத்திருந்தது ஒரே ஒரு விக்கெட், கொடுத்தது 335 ஓட்டம். கடைசி இன்னிங்ஸில் வெல்ல இலங்கைக்கு வேண்டியது 181. இரண்டு விக்கெட்டுக்கு 127 என்று சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வோர்னிடம் பந்து கொடுக்கப்பட்டது. ஓர் ஓட்டமும் கொடுக்காமல் மூன்று விக்கெட்டை எடுத்தான். 164இல் எல்லாரும் வெளியே, பதினாறு ஓட்டத்தில் தோல்வி. அவன் ஓய்வுபெறும்போது விக்கெட் 708. டெஸ்ட் கிரிக்கெட்டில் யாரும் எட்டாத இரண்டு உயரங்களும் ஒரே மாதத்தில், ஒரே நகரத்தில், சில மைல் தூரத்தில் முளைவிட்டன. பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் இந்தக் கதைகளை ஆறுதலாக நீட்டுவதில் ஒரு கள்ளத்தராசு இருக்கிறது. முரளியின் தொடக்கம் நமக்கு நினைவிருப்பது முடிவு தெரிந்ததனால். விக்கெட் எடுக்காமல் தொடங்கி, விக்கெட் எடுக்காமலே போய், இன்று எங்கோ காப்புறுதி விற்றுக்கொண்டிருப்பவர்களின் தொடக்கங்களை யார் எழுதி வைத்தார்கள்? மோசமாகத் தொடங்கும் அணிகளில் பெரும்பாலானவை சுமாராகவே முடிக்கின்றன. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தையே எடுத்துக்கொள்ளலாம். 1891இல் அமெரிக்காவில் ஒரு வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பீச் பழக் கூடைகளை மாட்டி ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர். பிறகு கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தார். கணக்கு: வெற்றி 55, தோல்வி 60. அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ளவர் அவர் ஒருவர்தான். ஆட்டத்தையே உண்டாக்கியவருக்கும் உலை கொதிக்கவில்லை.

பள்ளிக்கூட அணிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பையன்களுக்குக் கால் உறைத்து, கை அடங்கி, 24 செக்கனை முழுதாகப் பயன்படுத்தத் தைரியம் வரும்போது உயர்தரப் பரீட்சை வந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் பௌதிகவியல் டியூஷன், பம்பலப்பிட்டியில் கணித டியூஷன். பயிற்சி ஆறு நாளிலிருந்து மூன்று நாளாகும், பிறகு சனிக்கிழமை மட்டும். அதற்கடுத்த வருஷம் பெயர்ப்பட்டியலில் ஆளே இல்லை. கொதி வருகிற நேரத்தில் உலையைக் கவிழ்த்து, புது அரிசி போட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றுகிற அடுப்பு அது. பொறுத்திருந்தால் பலன் வரும் என்ற முதலாளியின் வாதம் இந்த இடத்தில் நொறுங்குகிறது. வியாபாரியாக அவருக்கே தெரியும், கைக்கு வராத சரக்குக்கு முற்பணம் கொடுக்கக் கூடாதென்று.

அப்படியானால் ஏன் கொடுக்கிறார்?

அவரைக் கேட்டால் முரளி என்பார், 1985 என்பார். உண்மையான காரணம் அதுவாக இருக்காது. இந்தத் தெருவில் எந்தப் பொறுமைக்கும் வட்டி உண்டு. வெங்காயத்தை வைத்திருப்பது விலை ஏறட்டும் என்று. கடன் கொடுப்பது ஆள் திரும்பி வருவான் என்று. மகனை டியூஷனுக்கு அனுப்புவதில்கூட ஒரு கணக்கு இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, கான்கிரீட் படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, பெயர் சரியாகத் தெரியாத பத்துப் பன்னிரண்டு பையன்கள் தோற்பதை முழுதாகப் பார்த்துவிட்டு எழுந்து வரும்போது மட்டும் அவர் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. பதினாறு வயதில் தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, திட்டினாலும் போகாமல் கடைசி விசில்வரை இருக்கிற பெரியவர்கள் நாலு பேர் தேவைப்படுகிறார்கள். அவன் பிறகு முரளியானாலும் காப்புறுதி விற்றாலும் அந்தத் தேவை அன்றைக்கு ஒரே அளவுதான்.

நானாவும் அப்படித்தான் என்பது அன்று கொஞ்சம் பிந்தி வெளிப்பட்டது. மூன்றாவது மெட்ச்சை அவர் பார்க்கவில்லை என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். பிரீ த்ரோ தவறவிட்ட பையனைப் பற்றித் தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோது நானா குறுக்கிட்டார். "முழங்காலை மடக்கலையே அவன். வெறும் கையால எறிஞ்சான். களைச்சுப் போனா அப்படித்தான் வரும்."

முதலாளி திரும்பிப் பார்த்தார். "நீங்க வந்தீங்களா?"

"அங்கிட்டு, கென்டீன் பக்கம் நின்னேன். அசர் தொழுதிட்டு வர லேட்டாப் போச்சு. உங்க பக்கம் வந்தா நீங்க முரளி கதையை எடுப்பீங்க."

தம்பி பிளேன்டீக் கோப்பைகளைச் சேர்த்து எடுத்தான். முதலாளி உள்ளங்கையில் மிச்சமிருந்த அரிசியைச் சாக்கில் தட்டிவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரின் முன் போய் நின்றார். புதன்கிழமைக் கட்டத்தில் ஏற்கெனவே பொலன்னறுவை லொறி, இருநூறு மூட்டை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இடம் குறைவு. பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, சின்ன எழுத்தில், மூன்றரை மணி மெட்ச் என்று எழுதினார்.

"லொறி அந்த நேரத்துக்குத்தானே வரும்?" என்றான் தம்பி.

"வரட்டும். நாட்டாமைமார் இருக்காங்க, நீ இருக்க."

"நானும் மெட்ச்சுக்கு வரலாம்னு பார்த்தேன் அண்ணே."

நானா ஷட்டரைப் பாதி இறக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தத் தகராறு முடியட்டும் என்று வெளியே காத்து நின்றார்.