பழக்கத்தின் அடியில்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களுக்குப் பாதையை யோசிக்க வேண்டியதில்லை. இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை பதினான்கு கிலோமீட்டரும் கால்களுக்கே மனப்பாடம். ஆனால் முதன்முறை வருபவர் அடிக்கொரு தரம் வலப்பக்கம் நிமிர்ந்து மலையைப் பார்க்கிறார். அதை வைத்தே தாம் எங்கே இருக்கிறோம் என்று அறிகிறார்.

இந்த இரண்டு வகை அறிவும் எலிக்கும் உண்டு. 1981-இல் நரம்பியல் ஆய்வாளர் ரிச்சர்ட் மோரிஸ், கலங்கிய நீர் நிறைந்த தொட்டியில் எலிகளை நீந்தவிட்டார். ஏறி நிற்கும் மேடை நீருக்கடியில் மறைந்திருந்தது. பழகிய பின், எந்தப் பக்கத்திலிருந்து விட்டாலும் அவை மேடைக்கு நேரே நீந்தின. தொட்டிக்கு வெளியே அசையாமல் இருந்தவையே அவற்றுக்கு அடையாளம். இடத்தை இப்படி அறிய உதவுவது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி.

1996-இல் பாக்கார்டு, மெக்காஃப் என்ற இரு ஆய்வாளர்கள் நாற்சந்தி போன்ற புதிர்ப்பாதையில் எலிகளை ஒரே வாசலிலிருந்து ஒரே முனைக்கு உணவு தேடிப் போகப் பழக்கினார்கள். எட்டாம் நாள் எதிர்வாசலில் விட்டபோது, பெரும்பாலானவை உணவு இருந்த இடத்துக்கே சென்றன. பதினாறாம் நாள் அதே சோதனையில், பழகிய பக்கமே திரும்பித் தவறான முனைக்குப் போயின. இடத்தின் அறிவைப் பழக்கம் முந்திக்கொண்டது.

பழக்கம் கெட்டதன்று, அது மனத்தின் பளுவைக் குறைக்கிறது. ஆனால் புறப்படும் இடம் மாறிவிட்டால், எத்தனை உறுதியாக நடந்தாலும் அது தவறான முனையில்தான் கொண்டுபோய் விடும். தொழில், உறவு, வழிபாடு எல்லாவற்றிலும் நாம் இப்படித் திரும்பிக்கொண்டே இருக்கிறோம். எதை நாடிப் புறப்பட்டோம் என்பது மறந்துபோகிறது.

அந்த நாற்சந்தி ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பழக்கத்தை நடத்தும் மூளைப்பகுதியை அந்தப் பதினாறாம் நாளில் மருந்தால் சற்று நேரம் செயலிழக்கச் செய்தபோது, எலிகள் மீண்டும் சரியான இடத்துக்கே போயின. முதலில் கற்றது அழியவில்லை, மூடப்பட்டிருந்தது.

1896-இல் திருவண்ணாமலைக்கு வந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்த ரமண மகரிஷி, புதிதாக அடைய ஒன்றுமில்லை, மறைப்பது விலகினால் போதும் என்றே போதித்தார். அவர் சொன்னது ஆன்மாவைப் பற்றி. ஆய்வுக்கூடம் கண்டது எலியின் மூளையை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் நமக்கான நம்பிக்கை இரண்டிலும் இருக்கிறது. வழி தவறிவிட்டோம் என்று தோன்றும் நாளில் புதுப் பாதை தேடி ஓடாதீர்கள். சற்று நில்லுங்கள். முதலில் எதைத் தேடிப் புறப்பட்டீர்களோ, அது உங்களுக்கு இன்னும் தெரியும்.