வேலைக்கு ஒரு வண்டி

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, சைட்டில் கண்டெய்னர் ஆபீசில் உட்கார்ந்து ட்ராயிங் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தவுக்கே உள்ளே வந்தார். பழைய பத்தடி லாரியின் சி.ஓ.இ. முடியப்போகிறது, புதுப்பிக்கப் போவதில்லை, பதிலுக்கு ஒரு வண்டி வாங்க வேண்டும் என்றார். "அதிகமா ஓட்டப்போறது நீதான். எது வேணும், நீயே சொல்லு."

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. டபுள் கேப் பிக்கப். வாயில் தயாராக இருந்த பதில் அது. ஆனாலும் மரியாதைக்காக, "ரெண்டு நாள் டைம் குடுங்க பாஸ்" என்றேன்.

அந்த இரண்டு நாளில் நடந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னிடம் நானே கேட்டுக்கொண்டது: ஏன் பிக்கப்? வெளியே சொல்ல நல்ல காரணங்கள் இருந்தன. சாமான் ஏற்றலாம், மழை பெய்த சைட்டில் சேற்றில் மாட்டாது, உயரமாக உட்கார்ந்து ஓட்டலாம். உள்ளே இருந்த காரணம் வேறு. அப்பா இருபது வருஷம் டெலிவரி வேன் ஓட்டினார். ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே கார்பார்க்கில் அந்த வெள்ளை வேன் நிற்கும். பள்ளிக்கூட நண்பர்களோடு வரும்போது அதைப் பார்க்காத மாதிரி நடந்துபோயிருக்கிறேன். இங்கேயே படித்து எஞ்சினியர் ஆன பிறகும் வேலைக்கு ஒரு வேனை ஓட்டிக்கொண்டு அதே கார்பார்க்குக்குள் நுழைவது என்றால் மனசு சுருங்கியது. பிக்கப் என்றால் பார்க்கிறவர்களுக்குப் புரியும், இவன் டெலிவரி ஆள் இல்லை என்று. வண்டியைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில் என்னை யார் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

இதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் இருக்கிற ஆசைதான். ஆனால் "உனக்கு எது பிடிக்கும்" என்ற கேள்வி வேலைக்கான வண்டி என்று வரும்போது முழுக் கேள்வி ஆகாது. அந்தப் பத்தடி லாரி வெறும் குழாயும் கேபிள் ட்ரேயும் ஏற்றுகிற வண்டி மட்டும் இல்லை. துவாஸ் டார்மிட்டரியிலிருந்து பொங்கோல் சைட்டுக்கு என் டீமின் ஒன்பது பேரைத் தினமும் கொண்டுவருவதும் அதுதான். பிக்கப் வாங்கினால் அதில் என்னோடு நான்கு பேர் உட்காரலாம். மீதி ஐந்து பேர், ஏற்கெனவே நிரம்பி வரும் பதினான்கடி லாரியில் இன்னும் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். இது எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் அது என் கணக்கில் வரவில்லை.

நான் ஒரே ஒரு முறை லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். முன்னால் இடம் இல்லை, எனக்கும் அவசரம். பின்னால் உட்கார்ந்தால் ரோட்டில் என்ன வருகிறது என்று தெரியாது. பிரேக் போட்ட பிறகுதான் பிரேக் போட்டார்கள் என்று உடம்புக்குத் தெரியும். பிடித்துக்கொள்ள கம்பி இருந்தது. ஆனால் தூங்குகிறவனால் கம்பியைப் பிடித்துக்கொள்ள முடியாது. அங்கே பாதிப் பேர் தூங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

சட்டம் இதை அனுமதிக்கிறது. சிங்கப்பூரில் சரக்கு லாரியின் பின்புறம் ஆள் ஏற்றுவது பொதுவாகக் கூடாது. வேலையாட்களுக்கு விதிவிலக்கு உண்டு. காரில் பின்சீட்டில் உட்காருகிறவர் பெல்ட் போடாவிட்டால் குற்றம். லாரிக்குப் பின்னால் போடுவதற்குப் பெல்ட்டே கிடையாது. 2021 ஏப்ரலில் பி.ஐ.இ.யில் நின்றுகொண்டிருந்த ஒரு டிப்பர் மேல் தொழிலாளர்களை ஏற்றி வந்த லாரி மோதியது. 17 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு நாடாளுமன்றத்தில் பேசினார்கள். 2023இலிருந்து, வேறு வேலையும் பார்க்கிற ஓட்டுநருக்கு வண்டி எடுக்கும் முன் 30 நிமிட ஓய்வு தர வேண்டும், அவர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள முன்னால் ஒரு துணை ஆள் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி வந்தது. அதே ஆண்டு ஜூலையில் இதை நிறுத்தச் சொல்லி அமைப்புகள் அறிக்கை விட்டன. உடனே நிறுத்தினால் தாங்காது என்று வணிகச் சங்கங்களும் அறிக்கை விட்டன. லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வணிகச் சங்கங்கள் சொல்வதைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. சின்ன கம்பெனியின் கணக்கு எனக்குத் தெரியும். லாரி காலையில் ஆள் ஏற்றும், மதியம் சாமான் ஏற்றும். மினிபஸ் ஆளை மட்டும்தான் ஏற்றும். அப்புறம் சாமானுக்கு இன்னொரு வண்டி, இன்னொரு சி.ஓ.இ., இன்னொரு ஓட்டுநர். அந்தச் செலவு டெண்டரில் ஏறும். குறைவாகக் கேட்டவன் வேலையை எடுத்துக்கொண்டு போவான். எடுத்தவன் லாரியில்தான் ஆள் ஏற்றுவான்.

சரி, சம்பந்தப்பட்டவர்களையே கேட்போம் என்று மறுநாள் டீ நேரத்தில் எங்கள் டீமின் மூத்தவரிடம் கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இங்கே வந்து பதினோரு வருஷம். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பதை இன்னும் நிறுத்தவில்லை.

"அண்ணே, லாரிக்குப் பதிலா மினிபஸ் வந்தா நல்லாருக்குமா?"

சிரித்தார். "நல்லாத்தான் சார் இருக்கும். ஆனா அந்தக் காச கையில குடுத்தா இன்னும் நல்லாருக்கும். மக காலேஜ் ஃபீஸ் கட்டணும்ல."

இந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. பாதுகாப்பு வேண்டும் என்று அவர் சொல்வார், நான் அதைக் கொண்டுபோய் தவுக்கேயிடம் சொல்வேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் ஏற்றுக்கொள்கிற ஆபத்தை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இரவு முழுக்க இதே கேள்விதான்.

யுனிவர்சிட்டியில் பொறியியலோடு கட்டாயத்துக்கு எடுத்த ஒரு பாடத்தில் ஜான் ராவ்ல்ஸைப் படித்தோம். 1971இல் வந்த அவருடைய நீதி பற்றிய புத்தகத்தில் ஒரு சோதனை உண்டு. சமூகத்தின் விதிகளை எழுத உட்காருகிறவர்களுக்கு, அந்தச் சமூகத்தில் தாங்கள் யாராக இருக்கப்போகிறோம் என்பது தெரியக் கூடாது. அப்போதுதான் விதி நியாயமாக வரும். அவர் நாட்டின் அடிப்படை அமைப்புக்குச் சொன்னதை நான் ஒரு லாரிக்கு இழுத்துவருகிறேன். பத்து பேர், பத்து சீட்டு. குலுக்கிப்போட்டு எடுக்க வேண்டும். பத்தடி லாரி என்றால் மூன்று சீட்டு முன்னால், பெல்ட்டோடு. ஏழு சீட்டு பின்னால். எந்தச் சீட்டு வரும் என்று தெரியாமல் வண்டியைத் தேர்ந்தெடு என்றால் நான் எதை எடுப்பேன்? பிக்கப் ஆசை அங்கேயே இறங்கிப்போய்விட்டது. ஸ்டியரிங் எனக்குத்தான் என்று முன்பே தெரிந்ததால் வந்த ஆசை அது.

ஆனால் அண்ணன் இந்தச் சோதனையை உடைத்துவிடுகிறார். அவருக்குத் தன் சீட்டு எதுவென்று தெரியும். தெரிந்தும் காசு என்கிறார். இதற்கு எனக்குக் கிடைத்த பதில் ராவ்ல்ஸிடமிருந்து வரவில்லை, சின்ன வயசில் தமிழ் டீச்சர் சொன்ன மனுநீதிச் சோழன் கதையிலிருந்து வந்தது. இளவரசன் வேண்டுமென்று கன்றை ஏற்றவில்லை. அது துள்ளிவந்து விழுந்தது. அமைச்சர்கள் அதற்குப் பரிகாரம் சொல்கிறார்கள். ராஜா ஏற்கவில்லை. மகனையே தேர்க்காலில் இட்டது அதிகமான தண்டனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு விஷயம் கறாராக இருக்கிறது. தேரில் போனவன், நான் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. சக்கரத்துக்கு அடியில் நடப்பது அவன் கணக்கில்தான் சேரும்.

அண்ணன் தன் உயிரைப் பணயம் வைத்து மகளைப் படிக்கவைப்பது அவருடைய முடிவு. அதை மதிக்கிறேன். ஆனால் அவர் உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவது என்னுடைய முடிவு. அவருடைய சம்மதம் என் பங்கை அழிக்காது. இன்னொன்றும் உண்டு. பாதுகாப்பா காசா என்று அவர் முன்னால் இரண்டை மட்டும் வைத்தது நாங்கள். என் முன்னால் யாரும் அப்படி வைக்கவில்லை. எனக்குச் சம்பளமும் உண்டு, பெல்ட்டும் உண்டு.

வியாழக்கிழமை தவுக்கேயிடம் போய்ப் பழைய மினிபஸ் ஒன்று, பதின்மூன்று பேர் உட்காருகிற மாதிரி, என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "யாரு ஓட்டுறது? ஈசூன்லருந்து காலையில துவாஸ் போவியா?"

இவ்வளவு யோசித்த எனக்கு அது மட்டும் தோன்றவில்லை. நாலரைக்கு எழுந்திரிக்க வேண்டும். ஓ.டி. இருந்தால் இரவு பத்துக்குத்தான் வீடு. களைத்துப்போன ஓட்டுநர் ஓட்டினால் பெல்ட் மட்டும் காப்பாற்றாது. ஆக, தூக்கத்தையும் நான்தான் தர வேண்டும். நியாயம் அடுத்தவர் பணத்தில் இருந்தவரை எனக்குச் சுலபமாக இருந்தது. என் காலை நேரத்தைத் தொட்டதும் வாய் மூடிக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து, வாரத்தில் மூன்று நாள் நான், மூன்று நாள் சூப்பர்வைசர் என்று பேசி முடித்தோம். பெரிய சாமான் வரும் நாளில் லாரியை வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்று ஆனது. அண்ணனுக்குச் சம்பளம் கூடவில்லை. பதினான்கடி லாரி அடுத்த டீமை ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. நான் செய்தது ஒன்பது பேருக்கு மட்டும்தான்.

வீட்டில் சொன்னபோது அப்பா, "கடைசியில வேன்தானா?" என்று கேட்டுவிட்டு டீ ஆற்றப் போனார்.

முதல் திங்கட்கிழமை, விரைவுச்சாலையில் ஏறுவதற்குள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பத்தடி லாரியில் கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் வரும் வண்டிதான் தெரியும். இதில் ஒன்பது முகமும் தெரிந்தது. இடதுபக்க லேனுக்கு மாறி மெதுவாக ஓட்டினேன். சைட்டுக்குப் பத்து நிமிஷம் லேட்.