சான்று இல்லாத உண்மை

கிரெடிட் கார்டு கேட்டு விண்ணப்பிப்பவர் தம் பெயரையும் முகவரியையும் எழுதியபின் ஆண்டு வருமானத்தை எழுத வேண்டும். பெயருக்கும் முகவரிக்கும் பான் அட்டையும் ஆதாரும் போதும். வருமானத்துக்கு அப்படி ஒரே அட்டை கிடையாது. மாதச் சம்பளக்காரரிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முதலாளி தரும் படிவம் 16, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பது வழக்கம். சொந்தத் தொழில் செய்பவரிடம் கடந்த ஓரிரு ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். நகைக் கடனுக்கு நகையும் வீட்டுக் கடனுக்கு வீடும் ஈடாக நிற்கின்றன. பெரும்பாலான கிரெடிட் கார்டுகளுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆகவே கடன் வாங்குபவரின் வருங்கால வருமானமே ஈட்டின் இடத்தில் நிற்கிறது. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையும், விண்ணப்பிப்பவருக்குச் சொந்தமாக என்ன நிதி வசதி உண்டு என்பதைப் பார்த்துக் கடன் அபாயத்தைக் கணித்த பிறகே கார்டு வழங்க வேண்டும் என்று விதித்தது.

விண்ணப்பதாரர் தம் வருமானத்தைத் தாமே எழுதிக் கையெழுத்தும் இடுகிறார். அதற்கு மேலும் சான்று கேட்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒருவர் சொன்னது உண்மையா என்பது ஒன்று. வாங்கும் கடனைச் சுமக்கும் வலிமை அவருக்கு உண்டா என்பது மற்றொன்று. முதலாவது வாய்மையைப் பற்றியது. இரண்டாவது அளவைப் பற்றியது. சான்று கிடைக்காதபோது இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பி, அளக்க முடியாத வருமானம் பொய்யான வருமானமாக எண்ணப்படுகிறது. இந்தக் குழப்பம் எங்கே பிறக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் வழங்கிவந்த அறநூல்களும், அறிவு பெறும் வழிகளை ஆராயும் அளவை நூல்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் இந்தக் கேள்வியை ஆராய ஏற்ற ஊர். கைத்தறி லுங்கி, தீப்பெட்டி, பீடி ஆகியவை அங்கு நெடுங்காலமாக நடந்துவரும் தொழில்கள். சுற்றிலும் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்கள் இருக்கின்றன. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டும் கிடைக்கிறது. அதே ஷூவின் மேல்தோலை வீட்டிலிருந்தபடியே ஊசியால் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. பீடி சுற்றுபவருக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தறி நெய்பவர் பாவும் நூலும் வாங்கிச் சென்று, நெய்து கொடுத்த சரக்குக்குக் காசு வாங்குகிறார். இவர்கள் எல்லோருக்கும் வருமானம் உண்டு. அது மாதந்தோறும் ஒரே தொகையாக வருவதில்லை. பெரும்பாலும் ரொக்கமாகக் கைமாறுகிறது. அதன் எழுத்துக் குறிப்பும் பல இடங்களில் கூலி கொடுப்பவரின் கணக்கு நோட்டில்தான் இருக்கிறது. உழைத்துக் கூலி வாங்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் காகிதம் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

சான்று கேட்பது நம்பிக்கையின்மை ஆகுமா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். திருக்குறளின் 51ஆம் அதிகாரமான ‘தெரிந்துதெளிதல்’, அரசன் தன் பணிக்கு ஆட்களைத் தேர்வதைப் பற்றியது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. ஆராய்ச்சிக்கு உரிய காலம் நம்பிக்கைக்கு முந்தியது என்பது இதன் பொருள். தொடக்கத்தில் கேட்கும் சான்று அவமதிப்பு ஆகாது. கார்டைக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் தவறாமல் பணம் கட்டியவரை மறுபடியும் சந்தேகிப்பதே குற்றம்.

இஸ்லாமிய மரபும் இதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, தவணைக் கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் கட்டளையிடுகிறது. கடன் சிறிதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்றும், அதுவே நீதிக்கு நெருக்கமானது, ஐயத்தைத் தவிர்ப்பது என்றும் காரணம் கூறுகிறது. எழுத்து இங்கே இரு தரப்புக்கும் காவல். ஆனால் இன்றைய நடைமுறைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த வசனத்தில் எழுத்தருக்கு வாசகம் சொல்ல வேண்டியவர் கடன்படுபவர். அவர் இறைவனுக்கு அஞ்சி, எதையும் குறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் சொல்லே ஆவணம் ஆகிறது. வங்கிப் படிவத்தில் அவர் சொல்லை வேறோர் ஆவணம் வந்து தாங்கினால்தான் அது நிற்கிறது.

ஒருவர் சொல்லுக்கு அறிவைத் தரும் ஆற்றல் தனியாக உண்டா என்பது இந்தியத் தத்துவத்தில் நெடுநாள் நடந்த வழக்கு. சார்வாகர் காட்சியை மட்டும் ஏற்றனர். பௌத்த அளவை நூலார் காட்சியும், கண்டதிலிருந்து காணாததை அறியும் கருதலும் என்ற இரண்டோடு நின்றனர். மணிமேகலையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிப்பது இந்த இரண்டைத்தான். நியாய மரபு உவமையையும் உரையையும் சேர்த்து நான்காக்கியது. சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பத்து என விரியும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. நம்பத்தக்கவர் கூற்று தனி அளவையாக நிற்கும் என்பது பின்னிரு மரபுகளின் துணிபு. வங்கி இந்த வழக்கில் பௌத்தர் பக்கம் நிற்கிறது. சொல்லை மட்டும் வைத்து அது எதையும் முடிவு செய்வதில்லை. சம்பளச் சீட்டைக் கண்ணால் கண்டு, அதிலிருந்து திருப்பிக் கட்டும் ஆற்றலைக் கருதி அறிகிறது.

அந்தக் கருதல் எவ்வளவு உறுதியானது? புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது தர்க்க நூல்களின் பால பாடம். நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று அதைத் திருப்பிப் போட்டால் அது வழுவாகிவிடும். அதற்கு அந்நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. புகை எழுவதற்கு நெருப்போடு ஈர விறகும் சேர வேண்டும். இந்தக் கூடுதல் நிபந்தனையை அவை ‘உபாதி’ என்று அழைக்கின்றன. வருமானம் நெருப்பு என்றால் சம்பளச் சீட்டு புகை. பதிவு பெற்ற நிறுவனமும் அதன் கணக்குப் பிரிவும் ஈர விறகு. குடியாத்தத்தின் தறிக்காரரும் பீடித் தொழிலாளியும் இரும்புக் குண்டின் நிலையில் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டு இருந்தால் வருமானம் உண்டு என்று கொள்ளலாம். சீட்டு இல்லாததால் வருமானம் இல்லை என்று கொள்ள முடியாது.

இன்மையை எப்படி அறிவது என்பதற்கும் ஒரு தனி அளவை உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகரத்து அளவைவாதி எண்ணும் பத்து அளவைகளில் ‘அபாவம்’ ஒன்று. குமாரிலர் வழி மீமாம்சகர் இதை வளர்த்தெடுத்து ஒரு கடுமையான நிபந்தனை விதித்தனர். ஒரு பொருள் இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலையில் அது தென்படாவிட்டால் மட்டுமே அது இல்லை என்று சொல்லலாம். வெளிச்சமுள்ள அறையின் வெறுந்தரையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் தென்படாவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. ஷூ கம்பெனி ஊழியர் என்று எழுதியவரின் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறவே இல்லை என்றால் ஐயுறுவது நியாயம், ஏனெனில் அங்கே அது தென்பட வேண்டிய ஒன்று. ரொக்கக் கூலி வாங்குபவரின் கணக்கில் அது தென்படாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சான்றின் இன்மையை உண்மையின் இன்மையாகக் கொள்வது இந்த நிபந்தனையை மறந்ததால் வரும் பிழை.

சான்று இருப்பதாலும் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. சம்பளச் சீட்டு கடந்த மாதத்தைப் பற்றியது; கடன் வரப்போகும் மாதங்களைப் பற்றியது. பாலாற்றை மாசுபடுத்திய தோல் பதனிடும் தொழிற்சாலைகள் குறித்து 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அத்தொழிற்சாலைகள் மீது அபராதம் விதித்து, சுத்திகரிப்பு வசதி செய்யாதவற்றை மூடவும் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த தோல் ஏற்றுமதித் தொழில் நேரடியாக அடி வாங்கியது. ஒழுங்கான சம்பளச் சீட்டுக்குப் பின்னால் இத்தகைய நிச்சயமின்மையும் இருக்கிறது.

இனி வலிமையை அளப்பது. திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம், வருவாய் வரும் வழி குறுகியதாக இருந்தாலும் செலவு போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்கிறது. வருமானச் சரிபார்ப்பு இவற்றில் முதல் வழியைத்தான் விரிவாக அளக்கிறது. செலவு வழியில் அது காண்பது கடன் தகவல் நிறுவனங்களில் பதிவான பழைய கடன்களையும் மற்றக் கார்டுகளின் வரம்பையும்தான். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, வீட்டு விசேஷம் ஆகியவை அந்த அளவைக்குள் வருவதில்லை. பல கார்டுகளில் கெடு தாண்டிய நிலுவைக்கு மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 36 முதல் 45 சதவீதம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. இந்த நிலையில் வருமானச் சரிபார்ப்பு வங்கியின் பணத்தைக் காப்பதோடு கடன்படுபவரையும் ஓரளவு காக்கிறது. அவருடைய செலவு வழியை அறிந்தவர் அவர் மட்டுமே. எனவே அந்தப் பாதி அளவையை அவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தோல் தொழில் ஊர்களின் முஸ்லிம் வணிகரிடையே இதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000இல் ரியாதில் கூடியபோது, கணக்கில் முன்பணம் இல்லாத கிரெடிட் கார்டின் ஒப்பந்தத்தில் வட்டி நிபந்தனை இருந்தால், கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் அதை வழங்குவதும் பயன்படுத்துவதும் ஆகாது என்று தீர்மானித்தது. கெடுவுக்குள் முழுத்தொகையும் கட்டுபவருக்குத் தடையில்லை என்று கருதும் அறிஞர்களும் உள்ளனர். முதல் கருத்தை ஏற்பவருக்கு வருமானச் சான்று பற்றிய வாதமே எழாது. இரண்டாம் கருத்தை ஏற்பவருக்கு வலிமையை அளப்பது மார்க்கக் கடமையாகவே ஆகிவிடுகிறது. அளவு தவறினால் வட்டியில் விழ நேரும்.

விண்ணப்பதாரர் பக்கத்து அறமும் ஆராயத்தக்கது. காகிதம் இல்லாத வருமானம் உள்ளவர், தம்மிடம் உள்ளதையே காட்டுவதற்காகப் போலிச் சம்பளச் சீட்டுத் தயாரித்தால் அது பொய்யா? வருமானம் உண்மையாகவே இருக்கிறது. பொய், சான்றில்தான் இருக்கிறது. குறளின் ‘வாய்மை’ அதிகாரம் குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு விலக்கு அளிக்கிறது என்பதால் இதற்கு இடம் உண்டு என்று சிலர் வாதிடலாம். அந்த விலக்கு இங்கே பொருந்தாது. நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. போலிச் சீட்டு இல்லாத ஒரு வேலையைக் காட்டுகிறது. உண்மையான சீட்டுகளின் மதிப்பையும் குறைக்கிறது. அகப்பட்டால் ஆவண மோசடி வழக்காகும். வருமானத்தைக் கூட்டி எழுதுவது இன்னும் நேரடியான தீங்கு. அதனால் கிடைக்கும் பெரிய வரம்பு, எழுதியவரின் உண்மையான வருவாய் தாங்காத சுமையாக அவர் மீதே விழும்.

அளவைகளை விரிவாக்குவதே முறையான தீர்வு. சீட்டு இல்லாத இடத்தில் வேறு அடையாளங்கள் உண்டு. வாடிக்கையாளரிடமிருந்து யுபிஐ வழியாக வரும் தொகைகள், கூட்டுறவுச் சங்கத்தில் சரக்குப் போட்ட பதிவு, பீடித் தொழிலாளியின் பி.எஃப். கணக்கு, நகைக் கடனைக் கெடுவில் திருப்பிய வரலாறு ஆகியவை அத்தகையவை. 2021 முதல் நடைமுறையில் உள்ள அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில், ஒருவர் தம் ஒப்புதலின் பேரில் பல வங்கிகளில் உள்ள தம் கணக்கு விவரங்களை ஒரே இடத்துக்கு அனுப்பலாம். வைப்புத் தொகையை ஈடாக வைத்துக் கார்டு பெற்றால் வருமானச் சான்றின் தேவையே பெரும்பாலும் இருக்காது. பிணை நிற்பதும் பழைய வழிதான். கடன் வைத்து இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுகை நடத்த நபிகள் நாயகம் தயங்கியபோது, அவருடைய தோழர் அபூ கத்தாதா அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்றார். அதன் பிறகே தொழுகை நடந்தது என்று ஹதீஸ் கூறுகிறது. ஒருவரின் வலிமை போதாத இடத்தை மற்றொருவரின் சொல் அங்கே நிரப்பியது.

மறுக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. ஆனால் எதற்காக மறுக்கிறது என்பதை அது பிரித்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஆணை விதித்ததன் தத்துவ மதிப்பு இதில்தான் இருக்கிறது. ‘வருமானம் போதாது’ என்பது அளந்து கண்ட முடிவு. ‘வருமானத்தை உறுதி செய்ய இயலவில்லை’ என்பது அளக்க முடியவில்லை என்ற ஒப்புதல். முதலாவதற்கு விண்ணப்பதாரர் தம் தேவையைச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு வேறு சான்று தேடலாம். இரண்டில் எதுவும் அவர் பொய் சொன்னார் என்று ஆகாது.