கையெழுத்து யாருக்காக?

அட்டுவம்பட்டியில் பூண்டு பயிரிடும் ஒருவருக்குக் கடுமையான மாரடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையிறங்கி மதுரை போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகிறது. ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் மகனிடம் கேட்கிறார்: "தொடை ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ளே சின்ன பம்ப் வைக்கலாம். செலவு ஜாஸ்தி. வைக்கவா?"

நான் பி.காம்.காரன். வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியாது. 'இம்பெல்லா' என்கிற அந்த பம்ப் பற்றி டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டனில் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள், பம்ப் இல்லாமல் நூற்றுக்கு 58 பேருக்கு மேல். வைத்தவர்களில் 46 பேர். சும்மா இல்லை சார், பன்னிரண்டு உயிர்! ஆனால் ரத்தக்கசிவும், காலுக்கு ரத்தம் போகாத அவஸ்தையும் பம்ப் வைத்தவர்களுக்குத்தான் அதிகம். வழியிலேயே இதயம் நின்று, நினைவு திரும்பாமல் வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

நினைவோடு வந்த அப்பாவுக்கு என்றால், நானும் 'வையுங்கள்' என்றுதான் சொல்வேன். நினைவே இல்லையென்றால்? 'வேண்டாம்' என்ற மகனை, அப்பனைச் சாகவிட்டவன் என்று ஊர் பேசும். அதற்குப் பயந்து போடும் கையெழுத்து அப்பாவுக்கா, ஊருக்கா?

பம்ப் சில நாட்களுக்குத்தான். பேனாவை எடுக்குமுன் அந்த மகன் கேட்கட்டும்: "எத்தனை நாள் பார்ப்பீங்க டாக்டர்? இதயம் தேறலைன்னா, எப்போ எடுப்பீங்க?"