‘நாம்’ எதுவரை?

தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரு சொற்கள் வழங்குகின்றன. எதிரே நிற்பவரையும் உட்படுத்திச் சொன்னால் ‘நாம்’. அவரை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு வாய்க்காத நுட்பம் இது. தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலை ஆக்கிய வீரமாமுனிவர், பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய கோணான்குப்பம் நமது விருத்தாசலத்திற்கு அருகில்தான் இருக்கிறது. ஆகவே, ஒரு கால்பந்தாட்டக் கழகத்தின் தோல்விகளைப் பற்றிச் சொல்ல வந்து இலக்கணத்தில் தொடங்குவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

கழகம், சென்னையின் எஃப்.சி. உடைமைப் பொருளில் தொடங்கி, எது உடைமை என்று சொல்லாமலே நின்றுவிடுகிற விந்தையான பெயர். 2014இல் தோன்றிய இக்கழகம் 2015இலும், 2017–18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. சென்னை வெள்ளத்தில் மூழ்கித் தத்தளித்த 2015 டிசம்பரிலேயே முதல் கோப்பை கிடைத்தது. கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில், ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் இரண்டு கோல்கள் விழுந்து 3–2 என வென்ற அந்த இரவில், ‘நாம்’ என்னும் சொல்லுக்குத் தட்டுப்பாடே இருக்கவில்லை.

நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த இரவு அன்று; 2022ஆம் ஆண்டின் பிப்ரவரி மாதம். தொற்றுநோய்க் காலமாகையால் அப்பருவத்தின் லீக் ஆட்டங்கள் அனைத்தும் கோவாவில், பார்வையாளர் இல்லாத அரங்குகளில் நடைபெற்றன. பதினோரு அணிகள், ஒவ்வொன்றுக்கும் இருபது ஆட்டங்கள், முதல் நான்கு இடங்களைப் பிடிப்போர்க்கு அரையிறுதி. சென்னையின் அணி முதல் பன்னிரண்டு ஆட்டங்களில் ஐந்தில் வென்று, மூன்றைச் சமன் செய்து, 18 புள்ளிகள் பெற்றிருந்தது. ஜனவரி 22 அன்று வடகிழக்கு அணியை 2–1 என வென்றபோது அரையிறுதி எட்டும் தொலைவில் தெரிந்தது. எஞ்சிய எட்டு ஆட்டங்களில் அணி பெற்றவை இரண்டே புள்ளிகள். முதல் பன்னிரண்டு ஆட்டங்களில் 14 கோல்கள் வாங்கிய அணி, கடைசி எட்டில் 21 கோல்கள் வாங்கியது. இருபது புள்ளிகளுடன் எட்டாம் இடத்தில் பருவம் முடிந்தது.

காரணங்கள் பல சொல்லப்பட்டன. லாலியன்சுவாலா சாங்டே ஜனவரியில் மும்பை அணிக்குப் போய்விட்டார். மூடிய விடுதி வாழ்க்கை வீரர்களைச் சோர்வடையச் செய்தது. பயிற்சியாளர் போசிதர் பாந்தோவிச்சின் முறை எடுபடவில்லை. அவற்றை ஆராய நம்மிலும் தகுதியுடையோர் உளர். நம்முடைய கவலை வேறு.

நாங்கள் ஆறு பேர் ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்து அந்த ஆட்டங்களைப் பார்த்து வந்தோம். எங்களுள் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்ப்பவர் ஒருவர்; கல்லூரி மாணவர் இருவர். ஜனவரி வெற்றியன்று மாணவருள் ஒருவர் வாசலுக்கே ஓடிப்போய்த் தெருவைப் பார்த்து, “நாம ஜெயிச்சிட்டோம்!” என்று கூவினார். நான்கு நாள் கழித்துப் பெங்களூரிடம் மூன்று கோல்கள் வாங்கியபோது, “இன்னிக்கு நாம சரியா ஆடல” என்றார். அப்போதும் ‘நாம்’ உயிரோடிருந்தது. பிப்ரவரி 2 அன்று ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகப் பதினைந்து நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள் முன்னிலை பெற்று, ஆட்டம் முடியும் தறுவாயில், காயங்களுக்கான கூடுதல் நேரத்தில் அதை இழந்து 2–2 என வெளியேறியபோது, “அவங்க ஏன் சார் இப்படிப் பண்றாங்க?” என்றார். பிப்ரவரி 9 அன்று கோவா அணி ஐந்து கோல்கள் அடித்தது. சென்னை ஒன்றும் அடிக்கவில்லை. அன்று அவர் சொன்னது: “விடுங்க சார், அது தேறாது.”

ஐந்தே ஆட்டங்களுக்குள் தன்மைப் பன்மை படர்க்கைப் பலர்பாலாகி, பலர்பால் ஒன்றன்பாலாகிவிட்டது. உயர்திணையில் இருந்தவர்களை அஃறிணைக்கு இறக்கிவிட்டோம்! ஒருமை பன்மை மயக்கத்தைத் திருத்த ஆசிரியர்கள் உண்டு. இந்த மயக்கத்தை யார் திருத்துவது?

இது நம் ஊருக்கே உரிய நோய் அன்று. அமெரிக்க உளவியலாளர் இராபர்ட் சியால்தினியும் அவருடைய குழுவினரும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பல்கலைக்கழக மாணவர்களிடம் தங்கள் அணியின் ஆட்டங்களைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்தை விவரிக்கையில் ‘நாங்கள்’ என்னும் பொருள்படும் சொல் மிகுதியாகவும், தோற்ற ஆட்டத்தை விவரிக்கையில் குறைவாகவும் வந்ததை அவர்கள் கண்டனர். பிறருடைய ஒளியில் குளிர்காயும் இயல்பு என்று அதற்கு விளக்கமும் தந்தனர். மனித இயல்பு என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அறத்தைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலிமையான மறுப்பு. அந்த ‘நாம்’ தொடக்கத்திலேயே பொய் அல்லவா? கழகம் செல்வந்தர்களின் உடைமை. வீரர்கள் ஒப்பந்தத்திற்கு ஆடுவோர். அடுத்த ஆண்டு வேறு சட்டை அணிவர். விருத்தாசலத்தில் கூடத்தில் அமர்ந்து முறுக்குத் தின்றவர் ஒரு துளி வியர்வை சிந்தவில்லை. அவருக்கு வெற்றியில் என்ன பங்கு, தோல்வியில் என்ன பழி? பொய்யான உறவிலிருந்து ஒருவர் விலகுவதைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது?

இம்மறுப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அது நேர்மையானதாக இருக்க வேண்டுமாயின், ஜனவரி 22 இரவிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். வாசலில் நின்று கூவியபோது, “தம்பி, நீ எங்கே ஜெயித்தாய்?” என்று எவரும் கேட்கவில்லையே! வெற்றியின்போது மெய்யாயிருந்த உறவு தோல்வியின்போது மட்டும் கற்பனை என்று தெரியவருகிறதென்றால், அந்தத் தெளிவு அறிவிலிருந்து பிறந்ததன்று. மேலும், உரிமைப் பத்திரம் இருந்தால்தான் உறவு என்பதும் சரியன்று. இக்கழகத்தாரை ‘மெரினா மச்சான்ஸ்’ என்று செல்லமாக அழைப்பதுண்டு. மச்சான் என்பது இரத்தத்தால் வருவதன்று, கொண்டும் கொடுத்தும் வருகிற உறவு. மச்சானுடைய கடை நொடித்தபின் அவரைப் பந்தியில் பார்த்தும் பாராததுபோல் போகிறவரை ஊர் என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியும்.

நாம் இதனை எழுதத் துணிந்ததற்குக் காரணம் கால்பந்து மட்டுமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊருக்குப் பீங்கான் நகரம் என்ற பெயர் உண்டு. பொம்மைகளும் மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகளும் இங்குச் சுடப்பட்டு வெளியூர் செல்வதை, ‘நம்ம ஊர்த் தொழில்’ என்று சொல்லி வளர்ந்தோம். பீங்கான் பியூஸ் கட்டைகள் இருந்த சுவர்களில் இன்று எம்.சி.பி. விசைகள் ஏறிவிட்டன. இப்போது பேருந்து நிலையத்தில் கேளுங்கள். ‘அந்தத் தொழில்’ என்கிறார்கள். சுட்டெழுத்து ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. சூளையின்முன் நிற்பவருக்கு மட்டும் அது இன்னும் ‘நம்ம வேலை’.

திருச்சபையைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறோம். நம் பள்ளியில் படித்தவர் உயர்ந்த நிலைக்கு வந்தால் ‘நம் சபை’. எங்கோ ஒரு குருவானவரைப் பற்றியோ நிறுவனத்தைப் பற்றியோ வெட்கப்படத்தக்க செய்தி வந்தால் ‘அவர்கள்’. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் நூற்றாண்டுகளாகச் செய்த பாவங்களுக்காகப் புனித பேதுரு பெருங்கோயிலில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அவற்றுள் மிகப்பல, அவர் பிறக்கும் முன்பே நிகழ்ந்தவை. தாம் செய்யாததற்கு அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்று நம் மக்களுள்ளேயே சிலர் குறைபட்டனர். தானியேல் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்தவர்கள் அவ்வாறு குறைபட மாட்டார்கள். தன் மக்களின் பாவத்தை அறிக்கையிடும் அந்த நேர்மையாளர், ஓரிடத்திலும் ‘அவர்கள்’ என்று ஒதுங்கி நிற்கவில்லை. தம்மையும் அதற்குள் வைத்தே மன்றாடுகிறார்.

தானியேல் தம் மக்களைப் பாராட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தோற்றவர்களோடு நிற்பது என்றால் தோல்விக்குச் சமாதானம் சொல்வது என்று பொருளில்லை. கோவாவிடம் வாங்கிய ஐந்து கோல்களும் அணியின் பிழையே. வீரரையும் பயிற்சியாளரையும் நிர்வாகத்தையும் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. “நாம ஏன் இப்படி ஆடினோம்?” என்று கேட்பதும் கண்டனம், “அது தேறாது” என்பதும் கண்டனம். முந்தையதில் கேட்பவருக்கும் வலிக்கிறது.

பேதுருவை நினைத்துக்கொள்கிறோம். ஆண்டவர் உருமாறி ஒளிர்ந்த மலையின்மேல் அவர் தம்மையும் சேர்த்தே பேசினார். அங்கேயே கூடாரம் அமைக்கவும் ஆயத்தமானார். சில காலம் கழித்து, குளிர்ந்த இரவொன்றில், தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, அதே ஆண்டவர் அவருக்குப் படர்க்கை ஆகிவிட்டார். அவர் சொன்னது முழுப்பொய். ஆனால் அச்சம் தந்த பொய். நமக்கோ அச்சம்கூட இல்லை. எவரும் நம்மைப் பிடித்துச் செல்லப்போவதில்லை. அரங்கம் காலி, நாம் பார்க்கிறோமா என்று வீரர்களுக்கே தெரியாது. நாம் விலகியதும் எவருக்கும் தெரியாது.

நாமும் விலகினோம். மறைப்பதற்கில்லை. ஐந்தாவது கோல் விழுந்ததும் தொலைக்காட்சியை அணைத்தது மாணவர் அல்லர். இதை எழுதும் கைதான். மறுநாள் பாந்தோவிச் விலக்கப்பட்டு, தமிழகத்தின் பழைய ஆட்டக்காரர் சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பேற்றார். ஒடிசாவுடன் 2–2, ஜாம்ஷெட்பூரிடம் 1–4, கேரளத்திடம் 0–3. இவற்றை நாம் பார்க்கவில்லை. மறுநாள் நாளிதழில் படித்தோம். கூடத்தில் நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. சூளைக்காரர் மட்டும் தம் வீட்டில் கைப்பேசியில் கடைசிவரை பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டோம். அவர் அணியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சூளையைப் பற்றிச் சொன்னார்.

“ஏத்துறப்ப எல்லாரும் நிப்பாங்க சார். எறக்குறப்பதான் ஆள் வேணும்.”

அவர் சொன்னதில் தொழில் உண்மை இருக்கிறது. பீங்கான் மண்ணில் குவார்ட்ஸ் என்னும் கல் கலந்திருக்கும். 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்த பாத்திரம் ஆறி, 573 டிகிரியைக் கடக்கும்போது, அந்தக் குவார்ட்ஸ் திடீரெனச் சுருங்கும். அந்நேரத்தில் பொறுமையிழந்து கதவைத் திறந்தால், உச்சநெருப்பைத் தாங்கிய பாத்திரம் குளிர்காற்றில் விரிசல் விடும். திறக்காமல், அருகில் இருந்து, மெல்ல ஆறவிட வேண்டும். செய்வதற்கு அப்போது பெரிதாக ஒன்றுமில்லை. இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்கு அவர் அங்கே உட்கார்ந்திருப்பதை நாம் கண்டதுண்டு.

மார்ச் 3 அன்று கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு எதிரான கடைசி ஆட்டத்தை அவருடைய கைப்பேசியில் இருவருமாகப் பார்த்தோம். 0–1. சென்னைக்கு அந்த ஆட்டத்தால் ஆகப்போவது எதுவுமில்லை. அரையிறுதி எப்போதோ கைநழுவிவிட்டது. ஆயினும் தொண்ணூறாவது நிமிடத்திலும் சிலர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன இழந்திருப்போம் என்று சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்றை இழந்திருப்போம்.

அக்டோபர் 10 அன்று புதிய பருவத்தின் முதல் ஆட்டம் அதே மோகன் பகானுடன், கொல்கத்தாவில், மக்கள் நிறைந்த அரங்கில். சென்னை 2–1 என வென்றது. நாற்காலிகள் மீண்டும் கூடத்திற்கு வந்திருந்தன. தேர்வு காரணமாக வர இயலாத அந்த மாணவர், ஆட்டம் முடிந்த மறுகணமே தொலைபேசியில் அழைத்தார்.

“சார், நாம ஜெயிச்சிட்டோம்!”

எந்த ‘நாம்’ என்று கேட்க நா எழுந்தது. தொலைக்காட்சியை அணைத்த கை நினைவுக்கு வந்தது.

“ஆமாம்பா” என்றோம். “நாமதான்.”